விமானியின் கையும் போயிங்கின் கணக்கும்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் நெருக்கியடித்து வாழும் தமிழ் உழைப்பாளிக் குடும்பங்களுக்கு, எச்.ஏ.எல். ஓடுதளத்திலிருந்து எழும் விமானங்களின் இரைச்சல் புதிதல்ல. அவற்றுள் ஒன்றான தேஜஸ், கணினியின் துணையின்றி நிலைத்துப் பறக்காது. விரைந்து திரும்புவதற்காகவே அவ்வாறு வடிவமைக்கப்பட்டது. விமானி கட்டுப்பாட்டுக் கோலை அசைக்கிறார். இறக்கைத் தகடுகள் எவ்வளவு திரும்பவேண்டும் என்பதை மென்பொருளே தீர்மானிக்கிறது.

அம்மென்பொருளுக்கான கட்டுப்பாட்டு விதிகளை உருவாக்க 1992இல் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தில் (என்.ஏ.எல்.) குழு அமைந்தது. அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டினுடன் கூட்டுப்பணியும் நடந்தது. 1998 மே பொக்ரான் சோதனைகளுக்குப் பின் வாஷிங்டன் விதித்த தடைகள் அதை அறுத்தன. இந்தியப் பொறியாளர்கள் வெளியேற நேர்ந்தது. எஞ்சிய பணியைப் பொதுத்துறை ஆய்வகங்களே முடித்தன. 2001 ஜனவரி 4 அன்று விமானம் பெங்களூருவில் பறந்தது.

ஒரு விமானம் கைக்கு அடங்குகிறதா என்பதைக் கருவிகள் மட்டும் சொல்லிவிடாது. கூப்பர்-ஹார்ப்பர் அளவுகோலில் சோதனை விமானி 1 முதல் 10 வரை எண் தருகிறார். எண் உயர உயர அவரது சுமையும் கூடுகிறது என்று பொருள். உழைப்பவரே தம் கருவியை மதிப்பிடும் இம்முறை மற்றத் தொழிற்சாலைகளுக்கும் வரவேண்டியதுதான்!

விமானியை இருட்டில் வைத்தால் என்ன நேரும் என்பதைப் போயிங் 737 மேக்ஸ் காட்டியது. விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் எம்கேஸ் மென்பொருள், ஒரே ஒரு சென்சாரை நம்பி இயங்கியது. அதுபற்றி விமானிகளின் கையேடு விளக்கவில்லை. புதிய சிமுலேட்டர் பயிற்சி தேவையில்லை என்று சொல்லி விற்க அந்த மௌனம் உதவியது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் 346 பேர் மாண்டனர். சான்றளிக்க வேண்டிய அமெரிக்க அரசு அமைப்போ, சோதிக்கும் வேலையில் பெரும்பகுதியைப் போயிங்கிடமே ஒப்படைத்திருந்தது.

அதே போயிங்கின் ரூ.1,600 கோடி வளாகத்தை 2024 ஜனவரியில் பெங்களூரு தேவனஹள்ளி அருகே பிரதமர் மோடி திறந்துவைத்தார். இந்திய அறிவியல் கழகத்தில் 1942 முதல் இயங்கும் வானூர்திப் பொறியியல் துறை போன்றவற்றுக்கு அவரது அரசு காட்டும் வழி வேறு. 2023இல் சட்டமியற்றி அமைத்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் ரூ.50,000 கோடி என்று அறிவித்தது; அதில் ரூ.36,000 கோடி தனியாரிடமிருந்து வருமாம். ஆராய்ச்சிக்கு நாடு செலவிடுவதோ 2020-21 கணக்குப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதமே.

தான் விற்கும் விமானத்தின் மென்பொருளில் குறை காணும் ஆய்வுக்கு எந்த நிறுவனமும் பணம் தரப்போவதில்லை. அந்த ரூ.36,000 கோடியை ஒன்றிய அரசு தன் பட்ஜெட்டிலிருந்தே ஒதுக்க வேண்டும்.