கிக்கரும் அதே, கியரும் அதே!

ஒரு சிலிண்டர், ரெண்டு சைலன்சர். கிக்கரை உதைச்சு ஸ்டார்ட் பண்ணிட்டு, அதையே மடக்கி விட்டா கியர் லீவர்! என்ன வண்டின்னு கண்டுபிடிச்சிட்டீங்களா ஃப்ரெண்ட்ஸ்? யெஸ்... யெஸ்டி 250!

செக்கோஸ்லோவாகியாவோட ஜாவா பைக்கை, 1961-ல் மைசூர்ல தயாரிக்க ஆரம்பிச்சது ஐடியல் ஜாவா கம்பெனி. பிறகு அதுவே யெஸ்டி ஆச்சு. 1996-ல் கம்பெனிக்குப் பூட்டு. 2022-ல் யெஸ்டிங்கிற பேர் திரும்பி வந்தாலும், அது ஃபோர் ஸ்ட்ரோக். அந்தப் பழைய 'பட்பட்' வேணும்னா, பழைய வண்டியைத்தான் தூசு தட்டணும்.

நானும் தட்டினேன். 2015 வெள்ளத்துல மூழ்கி, சிதம்பரத்துல மாமா வீட்டுக் கொல்லையில கிடந்த யெஸ்டியை டாடா ஏஸ்ல ஏத்தி, கடலூர் ஓ.டி.யில ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன்.

அங்கே படிச்ச முதல் பாடம், போரிங். முதல்ல புது பிஸ்டனை வாங்கணும். அதை அளந்து, அதுக்கேத்த மாதிரிதான் லேத்துல போர் போடணும். ரெண்டாவது, ரிங். டூ ஸ்ட்ரோக் பிஸ்டன்ல ரிங் சுத்தாம இருக்க குட்டியா ஒரு பின் இருக்கும். அதை கவனிக்காம மாட்டினா, ரிங் முனை போர்ட்ல சிக்கி உடைஞ்சிடும்.

கிளட்ச்? கார்க் வெச்ச பிளேட்டெல்லாம் அப்பளம் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடந்தது. புது பிளேட்டை ஆயில்ல ஊறவெச்சு மாட்டினோம். இந்த வண்டியில கியர் லீவரை மிதிச்சாலே கிளட்ச்சும் சேர்ந்து விலகும். அதனால அட்ஜஸ்ட்மென்ட் ரொம்ப முக்கியம்.

கடைசியா க்ராங்க் ஆயில் சீல். "தம்பி, சீலையும் மாத்திடலாம்"னார் மெக்கானிக் அண்ணன். "பழசே இருக்கட்டும்ணே, காசு மிச்சம்"னேன் நான். அங்கேதான் விழுந்தது ஆப்பு!

ட்ரையல் ரன், கடலூர் டு சிதம்பரம், சுமார் 45 கிலோ மீட்டர். ஆலப்பாக்கம் தாண்டினதும் இன்ஜின் 'கிர்ர்'னு இறுகி, பின் சக்கரம் அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி டிப்பர் லாரி! "டூ ஸ்ட்ரோக் ஓட்டும்போது ரெண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கணும்"னு அண்ணன் சொல்லியிருந்தார். சட்டுனு அழுத்தினேன். சக்கரம் ஃப்ரீ ஆச்சு, ஓரம் ஒதுங்கினேன். அதனாலதான் இந்த வாரம் உங்ககிட்ட பேசிட்டிருக்கேன்!

ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினா, காபி கலர்ல இருக்க வேண்டிய முனை வெள்ளை வெளேர்னு இருந்தது. காரணம், கல்லு மாதிரி காய்ஞ்சு போன சீல்.

டூ ஸ்ட்ரோக்ல க்ராங்க் கேஸும் ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோல், ஆயில், காத்துக் கலவை கீழே உறிஞ்சப்படும். பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு சிலிண்டருக்குப் போகும். டைனமோ பக்கத்து சீல் போனா, வெளிக்காத்து உள்ளே நுழையும். கலவையில பெட்ரோல் குறையும், அதோட வர்ற ஆயிலும் குறையும், சூடு ஏறும்... பிஸ்டன் சீஸ்! கிளட்ச் பக்கத்து சீல் போனா, கியர் ஆயிலைக் குடிச்சிட்டு புகை கக்கும்.

பரீட்சையில இந்தப் படத்தை வரைஞ்சு முழு மார்க் வாங்கியிருக்கேன். அந்தப் படத்துல ஆயில் சீல் இல்லை பாஸ்!

மறுபடி போரிங், மறுபடி பிஸ்டன், இந்தத் தடவை புது சீல். மிச்சம் பிடிச்ச காசைப்போல பல மடங்கு செலவு. இப்போ வெள்ளாற்றுப் பாலம் தாண்டி மாமா வீட்டு வாசல் வரைக்கும் நிக்காம போகுது.

உங்க தாத்தா வண்டி மேல கண்ணு இருக்கா? முதல்ல ஆர்.சி. புக்கைப் பாருங்க. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். டூ ஸ்ட்ரோக் புகை ஊருக்கு ஆகாது, அதனால தினமும் காலேஜுக்கு வேண்டாம், ஞாயித்துக்கிழமை மட்டும் எடுங்க. அப்புறம்... மெக்கானிக் சீலை மாத்தச் சொன்னா, மறுபேச்சு பேசாம மாத்திடுங்க!