விலாசம் யாருடையது?

பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலை ஓரமாகக் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு சிறிது தூரம் நடந்து பாருங்கள். ஜெராக்ஸ் கடை, மெஸ், மாணவர் விடுதி, கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று எதுவாக இருந்தாலும், முதலாளியின் பெயரோ குலதெய்வத்தின் பெயரோ கொட்டை எழுத்தில் இருக்கும். அடியில் மின்னஞ்சல் விலாசம். கடையின் பெயரை வேறு யாரோ முன்னமே எடுத்துக்கொண்டதால் பக்கத்தில் ஓர் எண். அதற்கப்பால் 'ஜிமெயில்' என்ற வால்.

லட்சக்கணக்கில் அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடிக்கிறவர், பலகைக்கு விளக்குப் போடுகிறவர், வாடிக்கைக்காரர் கடிதம் எழுத வேண்டிய விலாசத்தை மட்டும் ஊரான் வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறார். அதற்குச் சிக்கனம் என்று பெயரும் சூட்டிக்கொள்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இலவசமாகக் கிடைக்கிறது ஐயா, நன்றாகவும் வேலை செய்கிறதே!" என்பார்கள். வேலை செய்கிறது, யார் இல்லை என்றது? ஆனால் மறைமலை நகர்ப் பக்கத்தில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர், வரைபடம், பில் எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. கணக்கெழுதும் பையன் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்து அந்தக் கணக்கைத் திறந்தான். ஒரகடத்தில் நல்ல சம்பளம் கிடைத்ததும் போய்விட்டான். ஒரு நாள் பாஸ்வேர்டு மறந்துபோகிறது. மீட்கப் பார்த்தால் ரகசிய எண் அவனுடைய கைப்பேசிக்குப் போகிறது! அவன் நல்லவனாக இருந்தால் பிழைத்தோம். அவனையும் விடுங்கள்; ஏதோ சந்தேகத்தில் கம்பெனியின் யந்திரம் கணக்கைப் பூட்டிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? காசு கொடுக்காதவனுக்குப் பதில் சொல்ல எந்தக் கடைக்காரன் கடமைப்பட்டிருக்கிறான்?

இலவசத்தின் ஆயுளையும் பார்த்திருக்கிறோம். சொந்தப் பெயர் வைத்திருந்த சிறு நிறுவனங்களுக்கும் 2006 முதல் கூகிள் தபால் சேவையை இலவசமாகக் கொடுத்தது. 2012 டிசம்பரில் புதியவர்களுக்குக் கதவை அடைத்தது. 2022-இல் பழையவர்களிடமும், வியாபாரத்துக்கானால் பணம் கட்டுங்கள் என்றது. அது அவர்கள் உரிமை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சொந்தப் பெயர் வைத்திருந்தவர், பிடிக்காவிட்டால் வேறிடம் போக முடிந்தது. அவருடைய விலாசம் மாறவில்லை. ஜிமெயில் என்ற வால் ஒட்டிய விலாசத்தையோ யாரும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

இதைக் கேட்டவுடன் மறு கோடிக்கு ஓடுகிற அன்பர்களும் உண்டு. "சொந்தமாக ஒரு சர்வர் வாங்கி மூலையில் வையுங்கள், அதுதான் சுதந்திரம்!" என்கிறார்கள், பெரும்பாலும் எஞ்சினீயரிங் படிக்கும் இளைஞர்கள். அவர்களுடைய உற்சாகம் வாழ்க! ஆனால் அந்த உற்சாகத்தின் செலவைப் பட்டறைக்காரர் தலையில் கட்டக் கூடாது.

மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் அடிப்படை விதிகள் 1982-இல் எழுதப்பட்டவை. ஒருவரை ஒருவர் நம்பியவர்கள் எழுதியவை. உறைமேல் அனுப்புகிறவர் என்று யார் பெயரை எழுதினாலும் தடுப்பாரில்லை. மோசடிக்காரர்கள் பெருகிய பிறகுதான் காவல் வந்தது. என் பெயரில் தபால் கொண்டுவர உரிமை பெற்றவர் இன்னார் என்ற பகிரங்கப் பட்டியலுக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். கடிதத்தின்மேல் வைக்கும் முத்திரைக்கு டி.கே.ஐ.எம். இரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்ற உத்தரவுக்கு டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து, மொத்தமாகக் கடிதம் அனுப்புகிறவர்களிடம் கூகிளும் யாஹூவும் இம்மூன்றையும் கட்டாயமாகக் கேட்கின்றன.

மூலையில் வைத்த சர்வர் இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். சாதாரண இணைய இணைப்பின் எண் மாறிக்கொண்டே இருக்கும். அத்தகைய எண்களிலிருந்து நேரே வரும் தபாலைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. மின்சாரம் போகும், டிஸ்க் கெடும். எல்லாவற்றிலும் பெரிய கொடுமை, நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியல் திரும்பிக்கூட வராது. எதிராளியின் குப்பைப் பெட்டியில் சத்தமில்லாமல் கிடக்கும். ஆர்டர் ஏன் வரவில்லை என்று நீங்கள் ஜாதகம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்! தபால் நிலையம் நடத்துவது தனித் தொழில். உங்கள் தொழில் பல்சக்கரம் கடைவது.

ஆகவே பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். தபால்காரர் கூலிக்கு இருக்கட்டும். பெயரைப் பதிவு செய்ய வருஷத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆகும். அந்தப் பெயருக்கு வரும் தபாலை இன்னார் வாங்கிக்கொள்வார் என்று சொல்லும் குறிப்புக்கு எம்.எக்ஸ். பதிவு என்று பெயர். அதை மாற்றினால் தபால்காரர் மாறுவார், விலாசம் மாறாது.

"அப்படியானால் நம் ஊர்க் கம்பெனியே இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பொத்தேரிக்கு அருகே வல்லாஞ்சேரியில், எஸ்டான்சியா வளாகத்தில் ஜோஹோ நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அதன் ஏற்பாட்டுக்கு மாறியதாக 2025-இல் செய்தி வந்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது தபால்காரரைத் தேர்ந்தெடுக்கக் காரணமாகாது. அந்த ஜோஹோவுக்கே 2018 செப்டம்பரில் என்ன நேர்ந்தது? அதன் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனம், மோசடிக் கடிதப் புகார்களைக் காட்டிப் பெயரை நிறுத்திவைத்தது. சர்வர்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. விலாசம் இல்லாததால் வாடிக்கைக்காரர்கள் தவித்தார்கள். அதன் தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. பிறகு பதிவை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையை அடுத்து, நயாரா எனர்ஜி என்ற எண்ணெய் நிறுவனத்துக்குத் தன் சேவையை மைக்ரோசாஃப்ட் நிறுத்திற்று. நயாரா தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று, சேவை திரும்பியது. சுத்திகரிப்பு ஆலைக்கு வக்கீல் வைக்க வசதியுண்டு. லேத் பட்டறைக்கு?

உள்ளூராயினும் வெளியூராயினும் எந்தத் தபால்காரரும் ஒரு நாள் கைவிரிக்கக்கூடும். அன்றைக்கு வேறொருவரை அழைக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்க வேண்டும். பழைய கடிதங்களின் பிரதியும் உங்கள் டிஸ்கில் இருக்க வேண்டும். சொந்தப் பெயர் ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். அந்தப் பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா, இணையதளம் போட்டுக் கொடுத்த தம்பியின் பெயரில் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். அவர் தயங்கினால், விலாசம் யாருடையது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.