இடைவெளி மீது பழி போடாதீர்கள்

சென்ற வாரம் ஒரு கல்லூரியில் நடந்த லினக்ஸ் பயிலரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி கொடுத்தவர் திரையில் எழுதிய முதல் லூப்பே ‘ஃபார் எஃப் இன் $(எல்எஸ்)’. உள்ளே எம்வி கட்டளை, அதற்குப் பக்கத்தில் மேற்கோள் எதுவும் இல்லாமல் மொட்டையாக $எஃப். ஒரு மாணவி ஓட்டிப் பார்த்தாள். அவளிடம் இருந்த கோப்பின் பெயர் ‘அக்கா கல்யாணம்.ஜேபிஜி’. “சார், ஃபைலே இல்லைன்னு எரர் வருது” என்றாள். “ஃபைல் பேர்ல ஸ்பேஸ் விடக்கூடாதும்மா, அண்டர்ஸ்கோர் போடு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். வகுப்பே தலையாட்டியது. எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்தப் பெண் செய்த தவறு என்ன? யூனிக்ஸில் கோப்புப் பெயருக்குள் வரக்கூடாதவை இரண்டே இரண்டு: சாய்வுக்கோடும் நல் பைட்டும். இடைவெளிக்கு எந்தத் தடையும் இல்லை. தவறு லூப்பில் இருக்கிறது. எல்எஸ் கொடுக்கும் பட்டியலை மேற்கோள் இல்லாமல் வாங்கினால், ஷெல் அதை இடைவெளி, டேப், புதுவரி கண்ட இடத்திலெல்லாம் வெட்டும். ‘அக்கா’ ஒரு கோப்பு, ‘கல்யாணம்.ஜேபிஜி’ இன்னொரு கோப்பு என்று லூப் இரண்டு முறை சுற்றும். 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு பெல் லேப்ஸிலிருந்து வந்த போர்ன் ஷெல்லும் இப்படித்தான் வெட்டியது, இன்றைய பாஷும் இப்படித்தான் வெட்டுகிறது. இத்தனை ஆண்டுகளாகத் தெரிந்த சங்கதியைத்தான் முதல் வகுப்பில் மறைக்கிறோம்.

எரர் வந்ததே அவளுடைய அதிர்ஷ்டம். அதே கோப்புறையில் ‘கல்யாணம்.ஜேபிஜி’ என்று வேறொரு படமும் இருக்கிறது என்று வையுங்கள். ‘அக்கா’ என்று தொடங்குபவற்றை மட்டும் அழிக்க, எல்எஸ் அக்கா* என்று பட்டியல் எடுத்து லூப்புக்குள் ஆர்எம் போடுகிறாள். ‘அக்கா’ என்ற கோப்பு இல்லை என்று ஒரு வரி வரும். அடுத்த சுற்றில் ‘கல்யாணம்.ஜேபிஜி’ சத்தமே இல்லாமல் அழிந்துபோகும். அழிக்கச் சொன்ன ‘அக்கா கல்யாணம்’ பத்திரமாக இருக்கும், சொல்லாத படம் போய்விடும். குப்பைத்தொட்டியில் தேடியும் பயனில்லை, ஆர்எம் அங்கே எதையும் போடுவதில்லை. இதற்குப் பிறகும் அண்டர்ஸ்கோர் போடச் சொல்வது பாடமா?

“ஆரம்பத்திலேயே மேற்கோள் அது இது என்று குழப்பக்கூடாது, முதலில் ஓடட்டும்” என்பார்கள். எதைக் குழப்பம் என்கிறார்கள்? சரியான லூப் ‘ஃபார் எஃப் இன் *’. உள்ளே "$எஃப்". நட்சத்திரத்துக்கு ஒரு தட்டல், $(எல்எஸ்) என்று எழுத ஐந்து தட்டல். நட்சத்திரம் விரித்துத் தரும் பெயர்களை ஷெல் மறுபடி வெட்டுவதில்லை, ‘அக்கா கல்யாணம்.ஜேபிஜி’ முழுசாக வந்து சேரும். நட்சத்திரத்துக்கு முன்னால் ./ சேர்த்துவிட்டால் மைனஸ் குறியில் தொடங்கும் பெயரும் சிக்கல் தராது. சரியான வழியே சின்ன வழியாகவும் இருக்கும்போது தப்பான வழியை ‘எளிது’ என்று சொல்ல வாய் எப்படி வருகிறது?

கற்றுக்குட்டிகள் கவலை இது என்று நினைப்பவர்கள் 2001 நவம்பரை நினைத்துப் பார்க்கட்டும். மேக் ஓஎஸ் எக்ஸுக்காக ஆப்பிள் வெளியிட்ட ஐட்யூன்ஸ் 2 நிறுவியின் ஸ்கிரிப்டில் மேற்கோள் விட்டுப்போயிருந்தது. டிஸ்க் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய தகவல்கள் அப்படியே அழிந்தன. ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்று 2.0.1 வெளியிட்டது. ‘நீங்கள் டிஸ்குக்கு அண்டர்ஸ்கோர் வைத்திருக்க வேண்டும்’ என்று யாரும் வாடிக்கையாளரைத் திட்டவில்லை. மாணவியைத் திட்டுவது மட்டும் எப்படிச் சரியாகும்?

வரிவரியாக வாசிக்கும் ஒய்ல் ரீட் லூப்பின் கதையும் இதுதான். சர்வர் பட்டியலை வாசித்து ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்எச் போகச் சொன்னால், முதல் சர்வரோடு லூப் நின்றுவிடும். பட்டியலின் மிச்சத்தை எஸ்எஸ்எச்சே ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து விழுங்கிவிடுகிறது. -என் என்று ஒரு ஆப்ஷன் சேர்த்தால் தீர்ந்தது. பைப்புக்குப் பின்னால் லூப்பை வைத்து உள்ளே எண்ணிக்கையைக் கூட்டினால், பாஷில் லூப் முடிந்ததும் அது பூஜ்யமாக நிற்கும், ஏனென்றால் லூப் ஓடியது சப்ஷெல்லில். வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே எதிர்ப்படும் விஷயங்கள் இவை. எந்த வகுப்பில் சொல்கிறார்கள்? ஒன்றிலிருந்து பத்து வரை அச்சடிக்கச் சொல்கிறார்கள், நட்சத்திரத்தால் பிரமிடு கட்டச் சொல்கிறார்கள். நேர்முகத் தேர்விலும் அதே பிரமிடு. இருபது வருஷ அனுபவத்தில் ஷெல்லில் பிரமிடு கேட்ட வாடிக்கையாளர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கோப்புகளைப் பெயர் மாற்றவும், பழைய லாகைச் சுருக்கவும், பேக்கப் எடுக்கவும்தான் கேட்கிறார்கள். அங்கே வரும் பெயர்களை வைப்பவர்கள் கணக்குப் பிரிவிலும் ஆஸ்பத்திரி வரவேற்பிலும் உட்கார்ந்திருப்பவர்கள். இடைவெளி விட்டுத்தான் வைப்பார்கள்.

அந்த லூப்பில் ஒரு நாள் கோப்பு அழிந்தால், ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் புதுப் பையனுக்குத்தான் மெமோ வருகிறது. அவனுக்கு $(எல்எஸ்) சொல்லிக் கொடுத்தவருக்கு எதுவும் வருவதில்லை. ஷெல்செக் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. எல்எஸ் பட்டியலில் லூப் ஓட்டினால் எச்சரிக்கும், மேற்கோள் விட்டுப்போன $எஃப்-ஐயும் வரி எண்ணோடு காட்டும். பயிற்சி கொடுப்பவர்கள் தங்கள் ஸ்லைடுகளில் இருக்கும் ஸ்கிரிப்டுகளை முதலில் அதில் போட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகு மாணவியின் கோப்புப் பெயரைப் பற்றிப் பேசலாம்.