குறைந்த செலவில் நிறைந்த உணவு

"சத்தான உணவு பணம் படைத்தவர்களுக்கே உரியது" என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. விலைவாசி உயர உயர இவ்வெண்ணமும் வலுப்பெறுகிறது. விளம்பரங்களில் சால்மன் மீனையும் இறக்குமதிப் பழங்களையும் காண்போருக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும், அது முழு உண்மையன்று.

ஜார்ஜ்டவுன் நகரின் சௌராஸ்தா போன்ற சந்தைகளுக்குக் காலையில் செல்வோர் இதனை நேரில் அறியலாம். கெம்போங் மீன் சால்மனைவிட மிகவும் மலிவானது. இதயத்திற்கு நன்மை தரும் ஒமேகா-3 கொழுப்பு அதிலும் நிறைந்துள்ளது. உள்நாட்டில் விளையும் கொய்யாவில் ஆரஞ்சுப் பழத்தைவிட வைட்டமின் சி அதிகம். பருப்பு, கொண்டைக்கடலை, தெம்பே, முட்டை ஆகியவை குறைந்த விலையில் புரதம் தருகின்றன.

மலேசியச் சுகாதார அமைச்சு "கால், கால், அரை" என்னும் எளிய முறையைப் பரிந்துரைக்கிறது. தட்டில் கால் பகுதி சோறு, கால் பகுதி மீன், முட்டை அல்லது பருப்பு, மீதமுள்ள அரைப் பகுதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும். ஆனால், 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 94.9 விழுக்காட்டினர் போதிய காய்கறி, பழங்களை உண்பதில்லை. 2023ஆம் ஆண்டு ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. உணவில் மிச்சம் பிடித்த பணம் பின்னர் மருத்துவத்திற்கே செலவாகும் நிலை வரக்கூடாது.

"மலிவான பொருள் கிடைக்கிறது, சமைக்க நேரம் எங்கே?" என்று பலர் கேட்பர். இக்கேள்வி நியாயமானது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடித்து இரவில் வீடு திரும்பும் தாய்க்கு அறிவுரை கூறுவது எளிது. களைத்த உடலோடு அடுப்படியில் நிற்பவர் அவரே. பல வீடுகளில் உடனடி மீ இரவு உணவாவதற்குச் சோம்பலைக் காட்டிலும் களைப்பே காரணம்.

எனவே, சமையல் ஒருவரின் சுமையாக இருக்கும்வரை இச்சிக்கல் தீராது. படிவம் ஒன்றில் பயிலும் பிள்ளையால்கூட முதல் நாள் இரவே கடலையை ஊற வைக்க முடியும். கீரையை ஆய்ந்து வைக்க முடியும். அரிசியைக் களைந்து உலையேற்ற முடியும். தந்தை வார இறுதியில் சந்தைக்குச் சென்று, மீனைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாகப் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் உறைய வைக்கலாம். இனிப்புப் பானங்களுக்குப் பதிலாகக் கொதித்தாறிய நீரைக் குடித்தால், அந்தப் பணத்தில் காய்கறி வாங்கலாம்.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பர் பெரியோர். வருமானத்திற்கேற்ற செலவில் நலமாக உண்ண முடியும். அதற்கு மலிவான பொருள்களை அறிந்திருப்பதோடு, வீட்டிலுள்ள அனைவரின் கைகளும் அடுப்படியில் சேர வேண்டும். மகன், மகள் என்ற வேறுபாடின்றி இப்பழக்கம் இளமையிலேயே தொடங்குவது நன்று.