யாருடைய இடுப்புக்கு வெட்டிய கால்சட்டை

அன்று நான் விழுந்ததற்கு யானை காரணம் இல்லை. கால்சட்டைதான் காரணம்.

வால்பாறையில் ஆடி மாத மழை. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சோலைத் துண்டு ஒன்றில் யானைத் தடம் பார்க்கப் போயிருந்தோம். ஐந்து பேரில் இரண்டு பேர் பெண்கள். நான் அப்போது வேலை பார்த்த நிறுவனம் அந்த ஆண்டு எல்லோருக்கும் மழைக்கால்சட்டை வாங்கிக் கொடுத்திருந்தது. ஆண்களுக்கான அளவில், மீடியம், லார்ஜ் என்று இரண்டே வகை. எனக்குக் கிடைத்த மீடியம் இடுப்பில் நிற்கவில்லை, தொடையில் இறுக்கியது, கீழே நான்கு விரற்கடை தரையைக் கூட்டியது. இடுப்பைக் கயிற்றால் கட்டி, காலை மூன்று மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டேன். ஒற்றை ஆண் யானை புதரிலிருந்து தலையை நீட்டியபோது, கூட வந்த காவலர் கையைத் தாழ்த்திப் பின்வாங்கச் சொன்னார். பின்வாங்கினேன். மடிப்பு அவிழ்ந்து குதிகாலில் சிக்கிக்கொள்ள, சரிவில் போய் விழுந்தேன். யானை எங்களைப் பொருட்படுத்தாமல் திரும்பிப் போய்விட்டது. எனக்கு மணிக்கட்டு முறிந்தது.

சாயங்காலம் குழுத் தலைவர் சொன்னார்: “இதுக்குத்தாம்மா மழைக்காலத்துல லேடீஸை ஃபீல்டுக்கு அனுப்ப யோசிக்கிறேன்.” விபத்து அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். கால்சட்டையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. என்னுடன் இருந்த இன்னொரு பெண் அடுத்த பருவத்துக்கு வரவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து தரவு உள்ளிடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் காட்டில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நான் இந்தக் கட்டுரையை எழுதுவது அந்தப் பேச்சுக்கு எதிராக.

கை கூடும்வரை வீட்டில் இருந்த இரண்டு மாதமும் கால்சட்டைகளைப் பற்றிப் படித்தேன். முள், மழை, சேறு, மணிக்கணக்கான உட்காரல், முழங்காலிட்டு நகர்தல் எல்லாவற்றுக்கும் சேர்த்து யோசித்துத் தைக்கப்பட்ட உடை எது என்று தேடினால் ஒரே இடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருந்தது: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கும் வேட்டைக் கால்சட்டைகள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை குற்றமாகிவிட்ட நாட்டில், விலங்குகளைக் காக்கும் வேலைக்கு, விலங்கைச் சுடப் போகிறவனின் உடையை நான் தேட வேண்டியிருந்தது. நம் வனத்துறையில் ‘வேட்டைத் தடுப்புக் காவலர்’ என்றே ஒரு பணி இருக்கிறது. அவர்களிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தக் கால்சட்டைகளின் பின்னால் இருக்கும் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மெழுகு ஏற்றிய தடிமனான பருத்தித் துணியைப் பல தலைமுறைகளாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சியாட்டிலில் 1897இல் தொடங்கிய ஃபில்சன் நிறுவனம் விற்கும் அப்படிப்பட்ட துணிக்குத் ‘தகரத் துணி’ என்றே பெயர். முள் உரசும் முன்தொடையிலும் முழங்காலிலும் இரட்டைத் துணி வைக்கிறார்கள். கவட்டில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்தித்தால் உட்காரும்போது அங்கேதான் கிழியும் என்பதால், சாய்சதுரமாக ஒரு ஒட்டுத்துணியைச் சேர்த்துத் தைக்கிறார்கள். நடக்கும்போது தொடையோடு தொடை உரசிச் சரசரக்கக் கூடாது என்று துணியின் மேற்பரப்பைச் சுரண்டி மென்மையாக்குகிறார்கள். மானின் காதுக்காக! ஒரு ஆண் மானுக்குக் கேட்காமல் நடப்பதற்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். அதே ஆணின் பக்கத்தில் நடக்கும் பெண் எங்கே, எப்படிச் சிறுநீர் கழிப்பாள் என்று யோசிக்க அவர்களுக்கு வெகுகாலம் ஆயிற்று.

அப்புறம் யோசித்தார்கள். எப்படி என்று பாருங்கள். ஆண் கால்சட்டையின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்து, ஓரத்தில் ரோஜா நிறப் பட்டை வைத்து, ‘மகளிர்’ என்று சீட்டு ஒட்டினார்கள். 2016இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் ஒரு படி மேலே போய்ச் சட்டமே போட்டது. துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்க, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும் என்பது அங்கே விதி. மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அந்த நிறம், சிவப்பை நம்மைப்போல் பிரித்தறிய முடியாத மானுக்கு அப்படித் தெரியாது. ஆரஞ்சுக்குப் பதிலாக ஒளிரும் ரோஜா நிறமும் அணியலாம் என்பதுதான் புதிய சட்டம். வேட்டைக்குப் பெண்கள் அதிகமாக வருவார்கள் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அங்கே வேட்டையாடும் பெண்கள் சிலரே இதை அவமதிப்பு என்றார்கள். வேட்டையில் எனக்கு உடன்பாடு கிடையாது, ஆனால் அந்தப் பெண்களின் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. இடுப்பில் நிற்கும் கால்சட்டை கேட்டவர்களுக்குச் சாயம் கொடுத்தார்கள்.

இதெல்லாம் ஒரு துணிக்காகவா என்று நம் தோழிகளே கேட்பதுண்டு. பெண்ணியக் கூட்டம் ஒன்றின் தேநீர் இடைவேளையில் இதைப் பேசியபோது, “இது நுகர்வுப் பிரச்சினை, அமைப்புப் பிரச்சினை இல்லையே” என்றார் நான் மதிக்கும் ஒருவர். எனக்கு அது பெரிய பிழையாகப் படுகிறது. பாரிஸில் 1800இல் பிறந்த ஒரு காவல்துறை உத்தரவு, கால்சட்டை அணிய விரும்பும் பெண் காவல்துறையிடம் அனுமதி பெற வேண்டும் என்றது. பின்னாளில் கையில் சைக்கிளின் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அந்த உத்தரவு செல்லாது என்று அரசு முறையாகச் சொன்னது 2013இல்தான். அமைப்புகள் துணியைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டதே இல்லை. நாம்தான் எடுத்துக்கொள்கிறோம்.

பெண்கள் முடியைக் குறைத்துக்கொண்டு ஆண்களைப்போல் உடுத்தலாம் என்று பெரியார் பேசினார். அந்த வாசலைத் திறந்ததற்கு நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் வாசலுக்கு உள்ளே போனபின் தெரிகிறது, ஆணின் உடை ஆணின் இடுப்புக்கு வெட்டப்பட்டது. எனக்கு இடுப்பெலும்பு அகலம், இடை குறுகல். ஆண் வெட்டில் இடுப்புக்குச் சரியாக எடுத்தால் இடையில் ஒரு கை நுழையும் இடைவெளி விழும். குத்துக்காலிட்டால் பின்பக்கம் இறங்கும். மழை நேராக உள்ளே போகும், அட்டையும் போகும். சரி, பெண்கள் பிரிவில் வாங்கலாம் என்று போனால் அங்கே பையே இல்லை. 2018இல் ‘தி புட்டிங்’ என்ற இணைய இதழ் பெரிய நிறுவனங்களின் ஜீன்ஸ்களை அளந்து பார்த்தது. பெண்களின் ஜீன்ஸில் முன்பை ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. என் வேலையில் திசைகாட்டி, குறிப்பேடு, கத்தி, உப்புப் பொட்டலம், மாற்று நாப்கின் எல்லாம் பையில் இருக்க வேண்டும். கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பவளால் விழும்போது தரையை ஊன்ற முடியாது. இது என் மணிக்கட்டு சொல்லும் பாடம்.

களத்துக்குப் போக நினைக்கும் மாணவிகளுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மழைக்காட்டுக்குப் போகாதீர்கள். பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், கனக்கும், காய நாளாகும், உடம்புச் சூட்டை உறிஞ்சும். பருத்தி ஆளைக் கொல்லும் என்பது குளிர்நாட்டு வேட்டைக்காரர்களிடம் புழங்கும் எச்சரிக்கை. ஆனால் அவர்கள் அடுத்து சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். விலை கூடிய கால்சட்டைகளில் துணிக்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். மழைநீரை உள்ளே விடாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் என்பார்கள். மொண்டானாவின் வறண்ட குளிரில் அது உண்மை. உள்ளே ஈரமும் சூடும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி வெளியேறும். ஆனைமலையின் மழைநாளில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும்போது ஆவி எங்கே போகும்? இரண்டு மணி நேர ஏற்றத்தில் மழை நனைப்பதைவிட நம் வியர்வையே நம்மை அதிகம் நனைத்துவிடும். ‘நீர்புகாத் திறன் 10,000 மில்லிமீட்டர்’ என்று சீட்டில் போட்டிருப்பார்கள். அவ்வளவு உயர நீர்த்தூணின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அர்த்தம். மழைத்துளிக்கு அது தாராளம். ஆனால் சேற்றில் முழங்கால் ஊன்றினால் நம் எடை முழுக்க உள்ளங்கை அளவுத் துணியில் இறங்கும், அழுத்தம் பல மடங்கு. ஆகவே முழங்காலில் இரட்டைத் துணி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், சவ்வைப் பிறகு பார்க்கலாம்.

நான் வந்து சேர்ந்த முடிவு: நெருக்கமாக நெய்த, சீக்கிரம் காயும் நைலான் கால்சட்டை ஒன்று. அதன்மேல் கனமழைக்கு மட்டும் இழுத்துப் போட்டுக்கொள்ள மெல்லிய மழைக்கால்சட்டை, காலணியைக் கழற்றாமல் மாட்டும்படி பக்கவாட்டில் நீள ஜிப்போடு. பாதத்திலிருந்து முழங்கால்வரை அட்டையுறை. உண்ணிச்செடி முள்ளுக்குத் தொடை முன்பக்கம் ஒட்டு. துணியின்மேல் நீர் முத்துமுத்தாக உருளுவதற்குப் பூசும் பூச்சு துவைக்கத் துவைக்கப் போய்விடும். அந்தப் பூச்சுகள் பலவற்றில் மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாத புளோரின் சேர்மங்கள் இருந்தன, இன்னும் சிலவற்றில் இருக்கின்றன. காட்டைக் காக்கப் போகிறவள் அதை ஓடையில் கழுவிவிட்டு வருவதில் நியாயமில்லை. அது இல்லாத துணியைக் கேட்டு வாங்குங்கள்.

முக்கியமானது ஜிப். மாதவிடாய் நாளில், கொட்டும் மழையில், அட்டைகளுக்கு நடுவே, நான்கு ஆண்கள் சற்றுத் தள்ளிக் காத்திருக்கும்போது, இடுப்பிலிருந்து முழங்கால்வரை எல்லாவற்றையும் இறக்கி ஏற்றுவது என்பது என்ன என்று கருவிப் பட்டியல் தயாரிக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறோம். அதனால் எரிச்சலும் காய்ச்சலும் வருகிறது. அதனால் விடுப்பு எடுக்கிறோம். விடுப்பு எடுப்பவர்கள் என்று பெயர் வாங்குகிறோம். பின்பக்கம் மட்டும் இறக்கிவிடும்படி பக்க ஜிப்புகள் வைத்த கால்சட்டைகளைச் சில வெளிநாட்டு நிறுவனங்கள் இப்போது பெண்களுக்காகத் தைக்கின்றன. விலை என் அரை மாதச் சம்பளம்.

கை சரியாகித் திரும்பிப் போன முதல் வாரம், தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் என்னை நிறுத்திப் பார்த்தார். கடன் வாங்கிய ஒரு மழைக்கால்சட்டையில் தொப்பலாக நின்றிருந்தேன். அவர் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை தடித்த தார்பாய்த் துண்டைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கியிருந்தார். தேயிலைக் குச்சி குத்தாது, மழை இறங்காது, ஒதுங்கப் போனால் ஒரு நொடியில் தூக்கிக்கொள்ளலாம்.

“ஏம் பாப்பா, இம்புட்டு வெல குடுத்து வாங்கியும் நனைஞ்சுட்டு நிக்கிற?”

“உங்களுக்கு இதெல்லாம் கம்பெனியில குடுக்கிறாங்களாக்கா?”

“கம்பெனியா? நாங்களே வெட்டிக் கட்டிக்கிறதுதான்.”

அவருடைய தார்பாயை ‘பெண்களின் அறிவு’ என்று கொண்டாடிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். ஆனால் அந்த அறிவு தேவைப்பட்டதே, வேலை வாங்குகிறவர்கள் உடை கொடுக்காததால். அந்தத் தார்பாய்க்குள் காற்று புகாது, வியர்வையில் இடுப்பு புண்ணாகும் என்று அதே அக்காதான் அப்புறம் சொன்னார். வேட்டைக்காரனுக்கு மெழுகுத் துணி ஒரு பொழுதுபோக்குக்காகக் கிடைத்தது. வருடத்தில் பாதி மழையில் நிற்கும் இந்தப் பெண்களுக்காக இந்த நாட்டில் எந்த நிறுவனம் ஒரு கால்சட்டையையாவது வடிவமைத்துப் பார்த்திருக்கிறது? ஏற்றுமதி ஆலைகளில் அந்த வெளிநாட்டு உடைகளைத் தைத்து அனுப்பும் விரல்களும் பெரும்பாலும் பெண்களுடையவைதான்.

பொள்ளாச்சியில் ஒரு பெண் தையற்காரரிடம் போனேன். என் பழைய கால்சட்டையைப் பிரித்துப் போட்டு, இடையை உயர்த்தி, இடுப்பை அகட்டி, கவட்டில் ஒட்டு வைத்து, முழங்காலை இரட்டையாக்கி, இரண்டு பக்கமும் நீள ஜிப் வைத்து, முழுக்கை ஆழத்தில் பை வைத்துத் தைத்தார். “பொம்பளைங்க பேண்ட்டுக்கு இவ்ளோ பெரிய பை நான் தச்சதே இல்ல மேடம்” என்றார். இரண்டு தடவை பிரித்துத் தைத்தபின் சரியாக வந்தது. இரண்டு மழைக்காலம் தாங்கியிருக்கிறது.

இப்போது வேறு ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கள் குழுவில் நான்கு பெண்கள். நான்கு பேருக்கும் அளவெடுத்துத் தைக்க அதே தையற்காரரிடம் விலைப்புள்ளி வாங்கி, கருவிகள் தலைப்பில் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினேன். ‘தனிப்பட்ட ஆடைக்கு நிதி இல்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். ஆண்களுக்கு வாங்கிய மழைக்கால்சட்டைகள் போன ஆண்டு எந்தத் தலைப்பில் ஏறின என்று கேட்டு, பழைய ரசீதின் நகலை இணைத்து மறுபடி அனுப்பினேன். பதில் இல்லை. ஜூனுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இன்று காலை மூன்றாவது தடவையாக, விபத்து அறிக்கையின் நகலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ‘கவனக்குறைவு’ என்ற வார்த்தையைச் சிவப்பில் வட்டமிட்டு.