சூடானில் சோள விதைத் தட்டுப்பாடு: மழை யாருக்காகவும் காத்திருப்பதில்லை

போர் நடக்கும் நாட்டில் உணவுப் பஞ்சம் என்றால் அது செய்தியாகிறது. விதைப் பஞ்சம் அவ்வளவாகச் செய்தியாவதில்லை. ஆனால், சூடானில் அடுத்த ஆண்டின் பசியை முடிவு செய்வது விதைதான்.

இது மலேசியாவில் ஜாகோங் என்று விற்கப்படும் மக்காச்சோளம் அல்ல. தமிழ்நாட்டில் மானாவாரிக் காடுகளில் விளையும் வெள்ளைச் சோளம். தோட்டப்புறத்துப் பெரியவர்களின் பெற்றோர் சோறாக்கித் தின்ற தானியம். அது முதன்முதலில் பயிராக்கப்பட்டதே இன்றைய கிழக்குச் சூடானில்தான் என்று தொல்லியல் சான்றுகள் கூறுகின்றன. சூடானியர்களுக்கு இன்றும் அதுவே முதன்மை உணவு. 'கிஸ்ரா' என்ற மெல்லிய ரொட்டியும் 'அசீதா' என்ற களியும் அதிலிருந்தே வருகின்றன.

2023 ஏப்ரல் 15ஆம் தேதி இராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். துணைப்படைக்கும் இடையே போர் மூண்டது. விதைப்புக்கு அப்போது இரண்டே மாதங்கள் இருந்தன. ஐநா உணவு, விவசாய நிறுவனத்தின் கணிப்புப்படி, அவ்வாண்டின் தானிய விளைச்சல் முந்தைய ஆண்டைவிட 46 விழுக்காடு குறைந்தது. அதே டிசம்பரில், பாசன விவசாயத்துக்குப் பெயர்போன கெசிரா மாநிலத்தின் தலைநகரான வாட் மதானியும் துணைப்படையிடம் விழுந்தது.

விதை எங்கே போகிறது?

சூடானின் சிறு விவசாயிகள் பெரும்பாலும் சொந்த அறுவடையிலிருந்தே விதை எடுத்து வைப்பார்கள். குறைந்தால் உள்ளூர்ச் சந்தையில் வாங்குவார்கள். வீட்டை விட்டு ஓடியவனிடம் சேமித்த விதை இருக்காது. ஓடாதவன் வீட்டிலும் பசி வந்தால் விதைச் சோளம் பானைக்குத்தான் போகும்.

ஓர் ஏக்கருக்குச் சுமார் 4 கிலோ விதை போதும். அதைச் சமைத்தால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள் சாப்பாடு. விதைத்தால், அதைப்போலப் பல மடங்கு விளைச்சலை எதிர்பார்க்கலாம். இந்தக் கணக்கு அந்த விவசாயிக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளை அழும்போது நவம்பர் அறுவடை வெகு தூரத்தில் தெரிகிறது.

தட்டுப்பாட்டுக் காலத்தில் காசு கொடுத்து வாங்குவதிலும் ஆபத்து உண்டு. உணவுக்கென விற்கப்படும் மூட்டையில் பல ரகங்கள் கலந்திருக்கும். மழை குறைவான கொர்டோஃபானுக்கு மூன்று மாதத்தில் முற்றும் ரகம் வேண்டும். நீண்ட நாள் ரகத்தை அங்கே விதைத்தால் கதிர் பால் பிடிக்கும் முன்பே ஈரம் வற்றிவிடும். 'சுடுமல்லி' என்ற ஒட்டுண்ணிக் களையின் தூசி போன்ற விதைகளும் மூட்டையோடு வந்து நிலத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

விவசாயியின் கையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு எளிய முளைப்புச் சோதனை. நூறு மணிகளை ஈரத் துணியில் சுற்றி வைத்து, நான்கைந்து நாளில் 80 முளைத்தால் நம்பி விதைக்கலாம். பாதிதான் முளைத்தால் இருமடங்கு விதை வேண்டும். அதாவது, இருமடங்கு விலை.

தாமதமான உதவி

விதை உதவிக்கு உணவு உதவியைவிடக் கண்டிப்பான கெடு உண்டு. டார்பூருக்குள் உதவி செல்லும் முக்கிய வழியான, சாட் எல்லையிலுள்ள அட்ரே, 2024 பிப்ரவரியில் மூடப்பட்டு ஆகஸ்ட் நடுவில்தான் திறந்தது. விதைப்புக் காலமோ ஜூனும் ஜூலையும். ஆகஸ்டில் உள்ளே சென்ற லாரிகளில் சோளம் இருந்தது; அது உயிரைக் காக்கும். ஆனால், அந்தப் பருவத்து நிலத்துக்கு அதனால் பயனில்லை. அதே மாதத்தில்தான் டார்பூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது.

ஆகவே, விதை மட்டும் கொடுப்பது தீர்வாகாது. விதையோடு உணவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் விதை வயலுக்குப் போகும். சந்தை இயங்கும் ஊர்களில், விவசாயிகளுக்குச் சீட்டு கொடுத்து உள்ளூர் விதை வியாபாரிகளிடமே வாங்கச் செய்யும் முறை ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கைகொடுத்திருக்கிறது. மண்ணுக்கு ஏற்ற ரகம் எது என்பதைத் தலைநகரில் இருப்பவரைவிட உள்ளூர்க்காரரே நன்கு அறிவார்.

2023 செப்டம்பரில் மலேசியக் கடைகளில் உள்ளூர் வெள்ளை அரிசி கிடைக்காமல் மக்கள் தவித்தனர். இறக்குமதி அரிசி விலை கூடினாலும் கடையில் இருந்தது. தானியம் குறைந்தால் வேறிடத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். விதைக்கு அந்தச் சலுகை இல்லை. ஜூலை தாண்டி வரும் விதை, சூடான் விவசாயிக்கு வெறும் தானியம்தான்.