நிஜ மயானத்தில் கற்பனைக் காதலன்... ‘அவுட்லேண்டர்’ ரசிகர்களும் ஸ்காட்லாந்தின் தவிப்பும்!

‘அவுட்லேண்டர்’ தொடரை முழுசா பார்த்த யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்க. அஞ்சாவது நிமிஷத்தில் ‘ஒரு தடவையாவது ஸ்காட்லாந்து போகணும்’னு சொல்லிடுவாங்க. 1945-ல் இருக்கும் நர்ஸ் கிளேர், கல்வட்டத்தில் கை வைத்ததும் 1743-க்குப் போய் விழுவதும், அங்கே ஜேமி ஃப்ரேசரைக் காதலிப்பதும்தான் கதை. 2014-ல் ஆரம்பித்த தொடர், எட்டாவது சீசனோடு முடிகிறது. ஆனா, படம் பிடித்த இடங்களைத் தேடிப் போகிற கூட்டம் அதோடு நிற்கும்னு யாரும் நம்பலை.

முதல் நிறுத்தம் பெரும்பாலும் டூன் கோட்டை. தொடரில் லியோக் கோட்டையாக வருவது இதுதான். தொடர் வெளியான சில வருஷங்களிலேயே இங்கே வருவோர் எண்ணிக்கை மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. அடுத்தது மிட்ஹோப், அதாவது ஜேமியின் ‘லாலிபிராக்’ வீடு. இது தனியார் எஸ்டேட்டுக்குள் இருக்கிறது. வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கலாம், உள்ளே விடமாட்டாங்க. உள்ளே பார்க்கவும் ஒன்றுமில்லை, வெறும் இடிபாடு. நீங்க திரையில் பார்த்த அறைகள் எல்லாம் ஸ்டுடியோவில் போட்ட செட்.

கிரேன்ஸ்மியூராக வரும் கிராமத்தின் பெயரைப் படித்தால் ‘கல்ராஸ்’ என்று வரும். உள்ளூரில் ‘கூரஸ்’ என்றால்தான் புரியும்! கல் பாவிய சந்துகளும் மஞ்சள் பூசிய 17-ம் நூற்றாண்டு வீடுகளும் அழகுதான். ஆனா, அந்த வீடுகளில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்காங்க. உங்க வீட்டுத் திண்ணையில் தினம் பத்துப் பேர் ஏறி நின்று செல்ஃபி எடுத்தால் எப்படி இருக்கும்?

இதெல்லாம் தொந்தரவுதான், காயம் இல்லை. காயம்னு சொல்லணும்னா, கல்லோடன் களத்தைத்தான் சொல்லணும்.

1746 ஏப்ரல் 16 அன்று, இங்கே ஒரு மணி நேரம்கூட நீடிக்காத சண்டையில் ஜேகபைட் தரப்பில் சுமார் 1,500 பேர் செத்தாங்க. அவர்களை மொத்தம் மொத்தமாகப் புதைத்த மேடுகள் இன்னும் இருக்கின்றன. 1881-ல் அந்த மேடுகளுக்கு முன்னால் குலப்பெயர் பொறித்த கற்களை நட்டாங்க. அதில் ஒன்று ஃப்ரேசர் குலத்துக்கானது. ஜேமியும் ஃப்ரேசர் ஆயிற்றே! கூட்டம் கூட்டமாக வந்து பூ வைப்பதும், கல்லைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுப்பதுமாகப் புல் முழுக்கத் தேய்ந்து, ஒரு கட்டத்தில் அந்தக் கல்லைச் சுற்றிக் கயிறு கட்டவேண்டிய நிலை வந்தது. பராமரிப்பது ‘நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து’ என்ற அறக்கட்டளை. பக்கத்தில் இருக்கும் மற்ற குலங்களின் கற்களைத் திரும்பிப் பார்க்கவும் பலருக்கு நேரமில்லை.

இதில் வேடிக்கை என்னன்னா, கதைப்படி ஜேமி அந்தப் போரில் சாகவே இல்லை. நிஜமாகச் செத்த ஃப்ரேசர்கள் யார் யார் என்று கேட்பவர்கள் குறைவு. போருக்குப் பிறகு ஹைலேண்ட் ஆண்கள் கட்டம்போட்ட டார்ட்டன் உடை உடுத்தவே சட்டம் தடை போட்டது. 1782 வரை அந்தத் தடை இருந்தது. விதிவிலக்கு, பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்.

அந்த விதிவிலக்குக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1745 கிளர்ச்சியில் ஜேகபைட்டாகச் சண்டை போட்டு, பிறகு மன்னிப்புப் பெற்ற மெக்லியாட் பிரபு, பின்னாளில் அதே பிரிட்டிஷ் அரசுக்காக ஒரு ஹைலேண்டர் படைப்பிரிவைத் திரட்டினார். அது வந்து இறங்கியது சென்னையில். அதில் இரண்டு கம்பெனிகள் 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில், ஹைதர் அலி - திப்பு படையிடம் சிக்கி நாசமாயின. கல்லோடனின் கதை எங்கே வந்து முடிகிறது பாருங்க!

சரி, ரசிகர்களைத் திட்டினால் தீர்ந்துவிடுமா? எனக்கு அப்படித் தோணலை. 2021 முதல் ஸ்காட்லாந்தின் பல பழைய கோட்டைகளில், மேலே இருந்து கல் பெயர்ந்து விழும் அபாயம் என்று சில பகுதிகளை மூடி ஆய்வு நடத்துறாங்க. மழையும் ஈரமும் முன்பைவிட வேகமாகக் கல்லை அரிக்கின்றன. இதைச் சரிசெய்யப் பணம் வேண்டும். அதில் ஒரு பங்கு நீங்க வாங்கும் டிக்கெட்டில் இருந்துதான் வருது. கல்லோடன் களத்தின் ஓரத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பங்கள் வருவதும், அறக்கட்டளை எதிர்ப்பதும் வருஷக்கணக்கில் நடக்கிற இழுபறி. யாருமே வராத களமாக இருந்திருந்தால், அந்த எதிர்ப்புக்கு யார் காது கொடுத்திருப்பாங்க?

ஆனா, கூட்டத்தின் செலவைக் கூட்டமே சுமக்கணும் என்ற பேச்சு இப்போ சட்டமாகிவிட்டது. தங்குபவர்களிடம் வரி வாங்க உள்ளாட்சிகளுக்கு 2024-ல் அதிகாரம் கிடைத்தது. எடின்பரோவில் 2026 ஜூலை 24 முதல் அறை வாடகையில் 5 சதவிகிதம். தொடர்ந்து தங்கினால் முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும். நியாயமான வரி என்பதுதான் என் கருத்து. ஒரே குறை, நெரிசல் தாங்காமல் திணறும் சின்ன கிராமங்களுக்கு எடின்பரோவின் காசு போகாது.

நீங்க போவதாக இருந்தால் சில விஷயங்கள். கிளேர் தொட்ட அந்தக் கல்வட்டத்தைத் தேடி அலையாதீங்க. அது படப்பிடிப்புக்காக நட்ட போலிக் கற்கள், அங்கே இப்போ ஒன்றும் இல்லை. அதற்குப் பதில், கல்லோடனுக்கு ரொம்பப் பக்கத்திலேயே கிளாவா கற்குவியல்கள் இருக்கு. 4,000 வருஷப் பழமையான ஈமச்சின்னம். டிக்கெட் இல்லை, காவலுக்கும் ஆள் இல்லை. அதனால் கற்கள்மேல் ஏறுவதோ, நினைவுக்கு ஒரு துண்டு எடுத்து வருவதோ வேண்டாம். கல்லோடனிலும் களத்தில் நடக்கக் காசு கிடையாது, உள்ளே இருக்கும் காட்சிக்கூடத்துக்குத்தான் கட்டணம். அதை முதலில் பார்த்துவிட்டுக் களத்துக்குப் போங்க. பூ வாங்கியிருந்தால், பெயரே தெரியாதவர்களைப் புதைத்த மேடு ஒன்று அங்கே இருக்கு. ‘கலந்த குலங்கள்’னு கல்லில் பொறித்திருக்கும்.